பட்டப்பகலில் பர்க்லர் வருவதில்லை

வாசல் பூட்டில் சாவி நுழைகிற சத்தம் கேட்டபோது ஆவுடையப்பன் 'தீஃப்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்தார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை. பதுங்கிக் குந்தியிருப்பது என்ற பொருளுள்ள ஏதோ ஒரு பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஊகத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா வேண்டாமா, சொன்னால் அதையே வேதவாக்காகப் பரீட்சையில் எழுதித் தொலைப்பார்களே என்று பென்சிலின் பின்முனையைக் கடித்துக்கொண்டு, காய்ச்சல் கண்ட உடம்பைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு, பின்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். சாவி நுழைந்தது. திரும்பியது. கதவு திறந்தது. யார் வீட்டுக் கதவோ என்று ஒரு கணம் சாவகாசமாக நினைத்தார். நம் வீட்டுக் கதவுதான் என்று வயிறு முதலில் தெரிந்துகொண்டது, புத்திக்கு அப்புறம்தான் எட்டியது. புதன்கிழமை மத்தியானம் இந்த வீட்டில் ஆள் இருக்காது. அது பாளையங்கோட்டையில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபிறகு புதன்தோறும் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் கதையைச் சொல்லப் போய்விடுவார். காந்திமதி போன வருஷம் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் வேறு யார்? இன்றைக்குக் காய்ச்சல் என்று வகுப்புக்கு லீவு சொன்னவர் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தெருவிலிருந்து ஓடி வருவாள், கஷாயம் வைப்பாள், திட்டுவாள். நேற்று மழைச் சேற்றில் மிதித்த செருப்பைக் கழுவிப் பின்கட்டில் காயப்போட்டிருந்தார். ஆகவே வாசலில் செருப்பும் இல்லை, முன்னறையில் ஃபேனும் ஓடவில்லை, ஆளில்லாத வீடு என்பதற்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா என்று நினைத்தார்.

வந்த ஆள் செருப்பைக் கழற்றியது. ஒன்று, பிறகு இன்னொன்று, தரையில் மெல்லத் தட்டி விழுந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற திருடன் உண்டா? ஏன் இல்லை, சத்தம் கேட்கக்கூடாது என்று கழற்றியிருப்பான், தொழில் தெரிந்தவன். திருடுவதைச் சொல்கிற 'ஸ்டீல்' என்பதும் சத்தமில்லாமல் நழுவுவதைச் சொல்கிற 'ஸ்டெல்த்' என்பதும் ஒரே குடும்பம் அல்லவா, அந்தக் குடும்பத்தில் செருப்புக்கு இடமில்லை. ஆவுடையப்பனுக்கு ஒரு கோளாறு, பயம் வந்தால் மற்றவர்களுக்கு சாமி ஞாபகம் வரும், அவருக்கு அகராதி திறந்துகொள்ளும். காந்திமதிக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கியபோதும் அப்படித்தான், ஆக்சிஜன் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதும் வரிசையாக வந்தன. பர்க்லர் என்றால் வீட்டை உடைத்து வருகிறவன், அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டப்படி அவன் ராத்திரியில் வந்தால்தான் பர்க்லர், பட்டப்பகலில் வந்தால் அந்தப் பட்டம் கிடைக்காது. இவனோ உடைக்கவும் இல்லை, சாவி போட்டு மரியாதையாகத் திறந்து வருகிறான். நம் சட்டத்தில் கேட்டால் வெறுமனே எடுத்தால் தெஃப்ட், எடுப்பதற்காக ஆளை மிரட்டினால் ராபரி, ஐந்து பேர் கூடிவிட்டால் டெக்காய்ட்டி. செருப்பு ஒரு ஜோடிதான் விழுந்தது. ஆகவே டெக்காய்ட்டி இல்லை, அந்த மட்டுக்கும் ஆறுதல். ராபரியா என்பது இனிமேல்தான் தெரியும். நான் இருப்பது அவனுக்குத் தெரியாமல் நான் பயந்தால் அது யார் கணக்கில் சேரும்? அந்தச் சட்டப் பிரிவை எத்தனையோ தரம் மொழிபெயர்த்திருக்கிறார், பயம் என்று எழுதும்போது கை ஒருநாளும் நின்றதில்லை. இப்போது அந்தச் சொல் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு இருமலாக வெளியே வரப் பார்த்தது. போர்வை முனையை வாயில் திணித்துக்கொண்டார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்பார்கள். இங்கே வீட்டுக்காரனுக்குக் கொட்டியிருக்கிறது. கட்டில் கிறீச்சிடாமல் சரிந்து இறங்கி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் குந்திக்கொண்டார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன.

காலடி அடுக்களைக்குப் போயிற்று. தயங்காமல், விளக்கைப் போடாமல் போயிற்று. தண்ணீர்ப் பானையின் மூடி, டம்ளர், பிறகு அண்ணாந்து குடிக்கிற மடக் மடக். தாகம் தீர்த்துக்கொண்டு திருட வருகிறவன்! போகட்டும், குடித்துவிட்டுப் போய்விடட்டும், வெயிலுக்கு வந்த யாரோ. ஆவுடையப்பன் அந்த 'யாரோ'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். அப்போதுதான் புளி ஜாடியின் மூடி கேட்டது. பீங்கான் மேல் பீங்கான் உரசுகிற சத்தம், முப்பது வருஷமாக இந்த வீட்டில் கேட்கிற சத்தம். அதற்குள் புளி மட்டுமா இருக்கிறது? பாலிதீன் பையில் சுற்றிப் புளிக்கு அடியில் பீரோ சாவி இருக்கிறது. காந்திமதி கண்டுபிடித்த இடம் அது. எந்தத் திருடன் புளிக்குள் கையை விடுவான் என்று சிரிப்பாள். விடுகிறானே, காந்தி! யாரோ இல்லை. இந்த வீட்டைத் தெரிந்தவர். இங்கே உப்பு எங்கே புளி எங்கே என்று தெரிந்தவர். பேச்சியம்மா.

அந்தப் பெயர் வந்ததும் உடம்பு கொஞ்சம் இளகியது, அதுதான் வெட்கக்கேடு. பயத்துக்குள்ளே ஒரு சந்தோஷம், நான் சொன்னது சரிதானே என்று. பேச்சியம்மா அவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவள், காந்திமதி படுக்கையில் கிடந்தபோது பக்கத்திலிருந்து எல்லாம் பார்த்தவள். போன வாரம் பீரோ லாக்கரில் காந்திமதியின் வைர மூக்குத்தி இல்லை. அதைப் போட்டு வைத்திருந்த குங்குமச் சிமிழும் இல்லை. லாக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வேறு யாரை நினைப்பார்? அடுக்களையில் நிற்பவளுக்குத்தானே ஜாடி தெரியும். கேட்டார். கோர்ட்டில் கேட்கிற மாதிரியே கேட்டார். "ஐயா, நான் எடுத்திருந்தா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சி போவட்டும். இத்தனை வருசமா இந்த அடுப்படில நிக்கேன், ஒரு உப்புக்கல்ல எடுத்திருப்பேனா? அக்கா இருந்தா இப்படிக் கேப்பாகளா?" என்றாள். வாசல் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், போய்விட்டாள். மடியில் கனமில்லை என்றால் இப்படி விறுவிறுவென்று ஏன் போகிறாள் என்று தோன்றியது. கனமில்லாததால்தான் அப்படிப் போனாள் என்று தோன்றவில்லை. நேற்று போலீஸ் ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தார். "விடுங்க சார், வியாழக்கிழமை காலைல கூட்டியாந்து கேக்கிற விதத்துல கேட்டா சொல்லிருவா" என்றார் அங்கே இருந்தவர். வியாழக்கிழமை என்றால் நாளை. கேட்கிற விதம். கேட்கிற விதத்தில் கேட்டபின் எழுதப்படும் வாக்குமூலங்களை அவர் வேலைநாள் முழுக்க ஆங்கிலத்தில் ஆக்கியிருக்கிறார், 'தானாகவே முன்வந்து சொன்னார்' என்று அழகாக ஒரு வரி வரும். எஜமானின் பொருளை வேலைக்காரி எடுத்தால் அதற்குத் தனிப் பிரிவு, தண்டனையும் கூடுதல். இதெல்லாம் நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை, காய்ச்சலே அதனால்தானோ என்னவோ. இப்போது அவளே வந்திருக்கிறாள் என்றால் எல்லாம் சரியாகிவிடும். கள்ளச் சாவி போட்டிருக்கிறாள். எடுத்தவள்தான் மறுபடி வருவாள். வா தாயே, நீயாக இரு. நீயாக இருந்துவிட்டால் நான் பாவியில்லை.

ஆனால் பேச்சியம்மா நடந்தால் கால் மெட்டி தரையில் இடிக்கிற மாதிரி ஒரு அழுத்தம் கேட்கும், இடது காலை இழுத்து வைப்பாள். இந்தக் காலடி இழுக்கவில்லை. இப்போது அது அடுக்களையிலிருந்து முன்னறை வழியாகப் பீரோ இருக்கிற அறைக்கு, அவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர்தான், அங்கே வந்து நின்றது. பீரோவின் கைப்பிடி சண்டிக்குதிரை. வெறுமனே திருப்பினால் திறக்காது, கொஞ்சம் மேலே தூக்கித் திருப்பவேண்டும். பேச்சியம்மா சமையலோடு சரி, பீரோவைத் தொட்டதில்லை, தொட்டிருந்தால் அது நாலு தரமாவது கடகடவென்று மறுத்திருக்கும். இப்போது ஒரே தூக்கு, ஒரே திருப்பு. கதவு திறந்தது. பாச்சை உருண்டை வாசனை சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னறைக்கு வந்தது, கூடவே காந்திமதியின் சேலைகளும் வந்த மாதிரி இருந்தது. சொல் வேண்டும், ஏதாவது ஒரு சொல் வேண்டும் பிடித்துக்கொள்ள. 'ராப்'. ராபரிக்கும் 'ரோப்' என்கிற அங்கிக்கும் ஒரே பிறப்பு, செத்தவன் மேலிருந்து வெற்றி பெற்றவன் உரித்துக்கொண்ட உடுப்பு. அதே குடும்பத்தில்தான் 'பிரீவ்டு' என்ற சொல்லும் பிறந்தது, வேண்டியவரைச் சாவுக்குக் கொடுத்தவன் என்று ஆங்கிலத்தில் சொல்வது, வேரைப் பார்த்தால் பறிகொடுத்தவன், கொள்ளை போனவன். அதைப் போன வருஷம் ஒரு வகுப்பில் சொல்லப் போய்ப் பாதியில் நிறுத்திவிட்டார். கொள்ளை போனவன் நான்தான். என் வீட்டில்தான் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் என்னடா வேண்டும் உங்களுக்கு? பகவதியைக் கூப்பிடுவோம். ஆமாம், மகளைக் கூப்பிடுவோம். இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை? சட்டைப் பையில் செல்ஃபோன் இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மருமகனையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். எடுத்தார். அவள் பெயர் திரையில் வந்தது. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. பேசினால் அந்த ஆளுக்குக் கேட்குமே, அதனால்தான், வேறொன்றுமில்லை.

சுவருக்கு அந்தப்புறம் சேலைகள் எடுக்கப்படுகிற சத்தம். பட்டுக்கு ஒரு சத்தம், நூலுக்கு ஒரு சத்தம். திருடுகிறவன் இப்படி மெதுவாக, ஒவ்வொன்றாக எடுப்பானா? பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பாச்சை உருண்டை நெடி ஏறியிருக்கும். மறுபடி உறிஞ்சல். ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடினால் தெரியாமல் போய்விடுமா? காந்திமதியைக் குளிப்பாட்டுகிற அன்றைக்கு மூக்குத்தி வரமாட்டேன் என்றது. முப்பது வருஷம் இறுகிக் கிடந்த திருகாணி. பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பகவதிதான் எல்லோரையும் தள்ளிவிட்டு, தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டு, தூங்குகிற பிள்ளைக்குக் கம்மல் கழற்றுவதுபோல அம்மாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கழற்றினாள். எண்ணெயோடு கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து இலை எடுத்தபின் பீரோ அருகே வந்து நின்றாள். "அம்மா மூக்குத்திய மட்டும் நான் வச்சிக்கிடட்டாப்பா?" அம்மா நகை மகளுக்கு என்பது ஊர் வழக்கம்தான், அவள் கேட்டிருக்கவே வேண்டாம். அவர் என்ன சொன்னார்? "இப்ப என்ன அவசரம்?" என்றார். பீரோவைத் திறந்தால் காந்திமதி இல்லாதது தெரிந்துவிடும் என்று பயந்து சொன்னார், அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவருடைய அக்கா சும்மா இருக்காமல், "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. ஆத்தா போன ஈரம் காயல, அதுக்குள்ள பீரோவுல கண்ணு" என்று முணுமுணுத்தது கூடம் முழுக்கக் கேட்டது. பகவதி ஒன்றும் சொல்லாமல் எச்சில் இலைகளை வாரிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் குழம்பு கொண்டுவருவாள், பீரோ இருக்கிற அறைக்குள் கால் வைக்கமாட்டாள். வாசல் சாவி இன்னொன்று யாரிடம் இருக்கிறது? உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் கதவையா உடைப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாளே.

இல்லை. பேச்சியம்மாவாக இருக்கட்டும். பேச்சியம்மா வேண்டாம், அது பாவம், யாரோ ஒரு நிஜத் திருடனாக இருக்கட்டும். தாமிரபரணித் தாயே, நல்ல பழுத்த திருடனாக ஒருத்தனை அனுப்பு, கையில் கத்தி இருந்தாலும் சரி. கத்தியோடு வருகிறவனுக்கு ஒரு முகம் இருக்கும், அதை நான் இதுவரை பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வழி இருக்கிறது. இப்படியே குந்தியிருந்தால் போதும். சேலையை மடித்துவைத்துவிட்டு, சாவியைப் புளிக்குள் புதைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் காலடி போய்விடும். நான் பார்க்கவில்லை. பார்க்காத சாட்சி சாட்சியே இல்லை, எந்தக் கோர்ட்டும் ஏற்காது. ஞாயிற்றுக்கிழமை குழம்பு வரும், "உப்பு போதுமாப்பா?" என்பாள், போதும் என்பேன். நாளைக்கு மட்டும் பேச்சியம்மா இடது காலை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறுவாள். பெஞ்சில் உட்காரச் சொல்லமாட்டார்கள். மகள் எடுத்தால் என்று சட்டத்தில் ஒரு பிரிவு கிடையாது, வேலைக்காரி எடுத்தால் இருக்கிறது. தன்னுடையது என்று நம்பி எடுத்தால் அது தெஃப்டே இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. மகளுக்கு எத்தனை கதவு, பேச்சியம்மாவுக்கு ஒன்றுகூட இல்லையே. உள்ளங்கை வேர்த்து ஃபோன் வழுக்கியது. வழுக்கியதால்தான் விரல் பட்டதா, பட்டதனால் வழுக்கியதா, அதை அவர் பிற்பாடும் நிச்சயமாகச் சொல்லமாட்டார். மணி போயிற்று.

சுவருக்கு அந்தப்புறம் மணி அடித்தது. பாதி அடித்ததும் யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"என்னப்பா? கிளாஸ் முடிஞ்சிட்டா?"

அந்தக் குரல் முதலில் சுவர் வழியாக வந்தது, ஒரு நொடி கழித்து ஃபோன் வழியாக வந்தது. ஒரே கேள்வியை இரண்டு பகவதிகள் கேட்ட மாதிரி இருந்தது.

"எங்கம்மா இருக்க?" தன் குரல் இத்தனை மெல்லியதா என்று அவருக்கே ஆச்சரியம்.

"வீட்லதாம்ப்பா இருக்கேன்." சுவர் சொன்னது, பிறகு ஃபோன் சொன்னது.

பொய் என்று எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து அவள் வீடு இது.

"தொண்டை கம்முதே, சளியா?"

"ஆமாப்பா. சளிதான்."

சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ, என்று சொல்லி வைத்துவிடலாம். 'சரி' வாய்வரை வந்துவிட்டது. அது பல்லுக்குப் பின்னால் நின்றபோது, ஃபிரிட்ஜ் மேல் சாவியை வைத்த பேச்சியம்மாவின் கை ஞாபகம் வந்தது. சத்தம் வராமல் வைத்தாள், கோபத்தில்கூட எறியவில்லை. வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை, காந்திமதியின் டாக்டர் அறைக்கு வெளியே நின்றபோதுகூட.

"நானும் வீட்லதாம்மா இருக்கேன்" என்றார். "பின் ரூம்ல."

ஃபோன் அணைந்தது. பிறகு வெறுங்கால்கள் நடந்து வந்தன, ஒருக்களித்த கதவு திறந்தது. தோளில் காந்திமதியின் பழைய சுங்கடிச் சேலை கிடந்தது. மூக்கில் அந்த மூக்குத்தி. அழுது சிவந்த மூக்கில் அது இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கட்டிலில் தேடிய அவள் கண் சந்துக்குள் இறங்கி அவரைக் கண்டது.

"ஏம்ப்பா இப்படிக் குந்திக்கிட்டு இருக்கிய?" என்றாள். "யாருக்குப் பயந்து?"

அவளும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போவணும்னு வரலப்பா. புதன்கிழமை நீங்க இருக்க மாட்டியள்லா, சேலைய எடுத்து மடியில போட்டுக்கிட்டுச் செத்த நேரம் இருந்துட்டுப் போவேன். மூக்குத்திய ஒருநா மாட்டிப் பாத்தேன், கழட்ட மனசு வரல. ஞாயித்துக்கிழம உங்க முன்னால வரும்போது கழட்டி அந்தச் சிமிழ்ல வச்சிட்டு வருவேன்."

"கேட்டிருக்கலாம்லாம்மா."

"கேக்கப் பயமா இருந்துச்சுப்பா. ஒருவாட்டி கேட்டேம்லா."

பயம். எடுப்பதற்காக மிரட்டினால் ராபரி. கொடுக்காமலிருப்பதற்காக மிரட்டினால் அதற்கு என்ன பெயர்? பீரோவைப் பூட்டிப் புளிக்குள் சாவியை வைத்துக்கொண்டு, கொள்ளை போனவன் நான் ஒருத்தன்தான் என்று ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்தார். இவளுக்கும் அதே ராத்திரியில்தான் போயிற்று. அதை அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. காய்ச்சல் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே கிடந்தது. இப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சொல்லவேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"பகவதி, பேச்சியம்மா தானா வேலைய விட்டு நிக்கல. என்னாலதான் நின்னா. மூக்குத்திய எடுத்தியான்னு கேட்டேன். ஸ்டேஷன்லயும் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க."

அவள் நிமிர்ந்தாள். மூக்குத்தியைத் தொட்ட விரல் சுட்டதுபோல விலகியது.

"பேச்சியக்காவையா? அம்மாவுக்குப் பீ மூத்திரம் எடுத்தவளையா? ஐயோ, என்னப்பா செஞ்சிட்டிய!" என்றாள். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "நானும்லா செஞ்சிருக்கேன்."

எழுந்து அவருக்குக் கை கொடுத்தாள். முழங்கால் மரத்துப்போயிருந்தது, இரண்டு தரம் முயன்றுதான் நிற்க முடிந்தது. ஸ்டேஷனுக்கு முதலில் போவதா என்று கேட்டாள். இல்லை, ஸ்டேஷனில் சொல்ல ஒரு வரி போதும், முதலில் பேச்சியம்மா வீடு என்றார். மூக்குத்தியைக் கழற்றப் போனவளை, இருக்கட்டும், அது உன்னுடையது, போட்டுக்கொண்டே வா, அவளும் பார்க்கட்டும் என்றார். பின்கட்டிலிருந்து செருப்பை எடுத்துவந்தார், இன்னும் ஈரமாக இருந்தது. தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. பேச்சியம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும். அவள் வெளியே வருவாள். அப்போது என்ன சொல்வது? எத்தனையோ பேர் சொன்னதை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்த வாய் அது. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு சொல்கூட வரவில்லை. வாசலில் சாவி நுழைந்தபோது பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தார். பகவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், நடந்தார்கள்.